துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நூல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு குளோப் இருக்கிறது. 30 சென்டிமீட்டர் விட்டம். நான் ஓய்வு பெற்ற அன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. 31 வருடம் சமூக அறிவியல் நடத்தியவளுக்கு அதைவிட நல்ல பரிசு கிடைக்காது. அந்தக் குளோப்பில் இப்போது இரண்டு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. ஒன்று துபாய்மேல், இன்னொன்று சிங்கப்பூர்மேல். ஒட்டியவர் என் அத்தை, அதாவது மாமியார். துபாயில் பேரன், சிங்கப்பூரில் பேத்தி.

அத்தைக்கு 84 வயது. காட்பாடி காந்தி நகரில்தான் ஐம்பது வருடமாக இருக்கிறார். திருப்பதி, காஞ்சிபுரம், ஒருமுறை மைசூர், அவ்வளவுதான் அவர் பார்த்த வெளியூர். ஆனால் பேரப்பிள்ளைகள் இருக்கும் தூரத்தைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு உண்டு.

"தம்பி கிட்டக்க கீறான். பாப்பாதான் ரொம்ப தூரமா கீறா."

எப்படிச் சொல்கிறீர்கள் அத்தை என்று கேட்டால், டிக்கெட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. மகன் போன டிக்கெட்டில் சென்னையில் விடியற்காலை 4.00 மணிக்குக் கிளம்பி துபாயில் 6.40க்கு இறங்குவதாகப் போட்டிருந்தது. மகள் போன டிக்கெட்டில் இரவு 11.15க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.10க்கு சிங்கப்பூர். "இவன் ரெண்டே முக்கா மணி நேரத்துல போயிட்டான். மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போறதுக்கே நமக்கு அவ்ளோ ஆவுது. அவ பாவம், ராத்திரி பூரா பறந்தா." ஒன்றுக்கு 2 மணி 40 நிமிடம், இன்னொன்றுக்கு 6 மணி 55 நிமிடம். அத்தை மட்டும் இல்லை, எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடு எங்கள் பக்கம் நிறைய. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கே போனாலும் வளைகுடாவில் ஒருவராவது இருப்பார்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. அதைக் கழித்துப் பார்த்தால் வருவது பறக்கும் நேரம் இல்லை. துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால். ஆகவே மகனின் 2.40 உடன் 1.30 கூட்ட வேண்டும்: 4 மணி 10 நிமிடம். மகளின் 6.55இல் 2.30 கழிக்க வேண்டும்: 4 மணி 25 நிமிடம். வித்தியாசம் கால் மணி நேரம்.

தூரம்? சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்திலிருந்து துபாய் விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 2,925 கிலோமீட்டர். முதல்முறை கணக்குப் போட்டபோது நான் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து இரண்டாவது முறையும் போட்டேன். அதே விடைதான். இவ்வளவு வருடம் பாடம் நடத்தியும் இது என் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் அங்கே போனபிறகுதான் பட்டது.

போன மாதம் ஒரு சாயங்காலம் அத்தை மல்லி கட்டிக்கொண்டிருந்தார். மடியில் பூ, கையில் நூல்கண்டு. நான் குளோப்பைத் தூக்கி அவர் முன்னால் வைத்து, அந்த நூலில் ஒரு முழம் வாங்கினேன். ஒரு நுனியைச் சென்னைமேல் என் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். நூலை மேற்கே இழுத்து துபாய்ப் பொட்டைத் தொடச் செய்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். அப்புறம் கட்டைவிரலை எடுக்காமல் நூலைக் கிழக்கே சுற்றினேன். வங்காள விரிகுடா, அந்தமானுக்குக் கீழே கடல், மலேசியா. முடிச்சு சிங்கப்பூர்ப் பொட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

அத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னொருவாட்டி செய்யி" என்றார். செய்தேன். மூன்றாவது முறை அவரே செய்தார். அவர் விரல் கொஞ்சம் நடுங்கும், ஆனாலும் முடிச்சு பொட்டைத் தாண்டவில்லை.

ஸ்கேலில் வைத்து அளந்தேன், 7 சென்டிமீட்டருக்கு ஒரு நூலிழை குறைவு. இந்தக் குளோப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர். கணக்கு சரியாக வருகிறது.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. துபாய்ப் பொட்டிலிருந்து சிங்கப்பூர்ப் பொட்டுக்கு ஒரே நூலாக விறைப்பாக இழுத்தால், அது சென்னைக்கு மேலே அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளி, நெல்லூர்ப் பக்கமாகப் போகிறது. அண்ணனும் தங்கையும் ஒரு கயிற்றின் இரண்டு முனையில் இருக்கிறார்கள் என்றால், நாங்கள் ஏறக்குறைய நடுவில் நிற்கிறோம். இரண்டு ஊரின் தீர்க்கரேகைக்கும் நடுவே கோடு போட்டால் அது காஞ்சிபுரத்தின்மேல் வருகிறது. ஏர்போர்ட்டுக்குப் போகும்போது காஞ்சிபுரத்துப் பக்கம் வெள்ளைகேட்டைத் தாண்டும் இடத்தில் இப்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

தட்டையான வரைபடத்தில் அளக்காதீர்கள், நூலும் குளோப்பும்தான் நல்லது. உருண்டையின்மேல் விறைப்பாக இழுத்த நூல் எந்த வழியில் போகிறதோ அதுதான் குறைந்த தூரம். புவியியலில் அதைப் பெருவட்டம் என்போம். விமானமும் கூடியவரை அந்த வழியை ஒட்டித்தான் போகும். வானத்திலும் வழிகள் போட்டு வைத்திருக்கிறார்கள், மழைமேகத்தைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும், இறங்கும் ஊரில் வரிசை இருக்கும். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 2,930 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம்கூட ஆகாதே, டிக்கெட்டில் ஏன் நாலு மணிக்கு மேல் என்று என் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. டிக்கெட்டில் இருப்பது சக்கரத்தின் அடைப்பை எடுத்து வண்டி நகர ஆரம்பிப்பதிலிருந்து, அங்கே போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, சில நாள் வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இருக்காது. காற்றும் சேர்த்தி. குளிர்காலத்தில் துபாய் இருக்கும் அட்சரேகைப் பக்கம் உயரத்தில் மேற்கிலிருந்து பலமான காற்று வீசும். போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று. மகன் போக 4 மணி 10 நிமிடம் என்றால், திரும்பி வர 3 மணி 55 நிமிடம்தான் போட்டிருக்கிறார்கள்.

சரி, கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சுலப வழி சொல்கிறேன். போகும் டிக்கெட், வரும் டிக்கெட் இரண்டையும் எடுங்கள். கடிகார நேரத்தை அப்படியே கழித்து, இரண்டையும் கூட்டி, பாதியாக்குங்கள். மகளுக்குப் போக 6.55. வரும்போது காலை 8.00க்குக் கிளம்பி 9.40க்குச் சென்னை, அதாவது 1.40. கூட்டினால் 8 மணி 35 நிமிடம். பாதி, ஏறத்தாழ 4 மணி 18 நிமிடம். மகனுக்குப் போக 2.40, வர 5.25. கூட்டினால் 8.05, பாதி 4 மணி 2 நிமிடம். போகும்போது கூடிய மணி வரும்போது குறைந்துவிடுவதால் கடிகார வித்தியாசம் தானாக அடிபட்டுப் போகிறது.

சிங்கப்பூர் தூரமாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சென்னையிலிருந்து துபாய் சுமார் 25 பாகை மேற்கே, சிங்கப்பூர் சுமார் 24 பாகை கிழக்கே. சூரியனைக் கேட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றே, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். துபாய்க் கடிகாரம் ஏறக்குறைய அதற்கு ஒத்துப்போகிறது. சிங்கப்பூர்க் கடிகாரம்தான் சூரியனை விட்டு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியா தன் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வைப்பதற்காகக் கடிகாரத்தைத் திருத்தியது. சிங்கப்பூரும் கூடவே அரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டது. ஏற்கெனவே முன்னால் இருந்த கடிகாரம் இன்னும் முன்னால் போனது. "அம்மா, இங்க ஏழு மணிக்குத்தாம்மா விடியுது" என்று மகள் முதல் வாரத்தில் ஆச்சரியமாகச் சொன்னாள். நான் வகுப்பறையில் நிற்பதுபோல இதையெல்லாம் போனில் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு மாமா, அதாவது என் மாமனார், இறந்தார். நள்ளிரவு தாண்டி 2 மணி. பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். விடிவதற்குள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஃப்ரீசர் பெட்டி வந்தது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "துபாய்ப் பையன் கிட்ட இருக்கான், ரெண்டரை மணி நேரம், மத்தியானத்துக்குள்ள வந்துடுவான். சிங்கப்பூர்ப் பொண்ணு ஏழு மணி நேரம். அதுக்கும் மேல ஏர்போர்ட்லேர்ந்து வரணும். அவளுக்காக வெச்சிருக்க முடியாது. பொண்ணுக்கு வீடியோ கால்ல காட்டிடலாம். சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துடலாம்."

மாமா கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எல்.கே.ஜி. போனாள். பன்னிரண்டாவது வரை பரீட்சைக்குப் போகும் முன் தாத்தாவிடம் போய் நின்று பேனாவைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். அவளுக்கு வீடியோ காலில் காட்டுவதாம்.

நான் பொதுவாகப் பெரியவர்கள் பேச்சில் குறுக்கே போகிறவள் இல்லை. அன்று போனேன். ஒரு நோட்டை எடுத்து எல்லாவற்றையும் நம் கடிகாரத்தில் எழுதினேன். மாமா போன 2 மணி என்பது சிங்கப்பூரில் காலை 4.30. மகள் இருப்பது தெம்பனிஸில், சாங்கிக்குப் பக்கம். காலை 8 மணி விமானத்தில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அங்கே 8 மணி என்றால் நமக்கு 5.30. பறக்கும் நேரம் 4 மணி 10 நிமிடம். 9.40க்குச் சென்னை. 10.30க்கு வெளியே. 1.30க்கு வீடு. மகனுக்கு மாமா போனபோது அங்கே நள்ளிரவு 12.30. அடுத்த விமானத்தைப் பிடிக்க நேரம் போதவில்லை, அதற்கு அடுத்ததில் இடம் இல்லை. கிடைத்தது பிற்பகல் 2.20 விமானம், நமக்கு 3.50. இரவு 7.45க்குத்தான் சென்னை இறங்குவான். வீட்டுக்கு வர பதினொன்றரைக்கு மேல்.

"ரெண்டு பேருக்கும் பறக்கற நேரம் ஒண்ணுதாங்க. யாருக்கு வண்டி முதல்ல கிடைக்குதோ அவங்க முதல்ல வருவாங்க. பாப்பா ஒன்றரை மணிக்கு வந்துடுவா" என்றேன். என் கணவரின் சித்தப்பா நோட்டை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "பேத்தி வரட்டும், பேரனும் வரட்டும். நாளைக்குக் காலையில எடுக்கலாம்" என்றார்.

1.40க்கு வாசலில் கார் நின்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, "தூரத்துலேர்ந்து நீ முன்ன வந்துட்டியே" என்று அழுதார்.

ஆகவே வெளிநாட்டில் பிள்ளை வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்து வையுங்கள். அந்த ஊரிலிருந்து சென்னைக்கு ஒரு நாளில் எந்தெந்த நேரத்தில் நேர் விமானம் உண்டு என்பதை நம் கடிகாரத்தில் மாற்றி எழுதி பீரோ கதவில் ஒட்டுங்கள். கால அட்டவணை மாறும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துத் திருத்துங்கள். இறங்கும் தேதியையும் எழுதுங்கள். மகன் முதல்முறை லீவில் வந்தபோது வெள்ளி இரவு 9.45க்கு அங்கே கிளம்பினான். இங்கே இறங்குவது சனி விடியற்காலை 3.10. வீட்டில் "சனிக்கிழமை ராத்திரி" என்று மனதில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டோம். பிள்ளை பெட்டிமேல் உட்கார்ந்து மூன்று மணி நேரம் காத்திருந்தான். அன்றிலிருந்து விடியற்காலை விமானம் என்றால் "வெள்ளி படுக்கப் போகாதே" என்று காலண்டரில் எழுதிவிடுகிறேன்.

வானத்துக் கணக்கு இப்படி. தரைக் கணக்கும் சேர்ந்தால்தான் பயணம். காட்பாடியிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 130 கிலோமீட்டர். திருவலம் பாலம், ராணிப்பேட்டை, வாலாஜா டோல், காவேரிப்பாக்கம், வெள்ளைகேட், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், அப்புறம் குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம். ராத்திரியில் இரண்டேகால் மணி நேரத்தில் போயிருக்கிறோம். சாயங்காலம் கம்பெனி பஸ்கள் வெளியே வரும் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூரில் மாட்டிக்கொண்டு நாலு மணி நேரமும் ஆகியிருக்கிறது. எங்கள் தெருவில் கார் ஓட்டும் தம்பி எப்போதும் கேட்பது ஒரே கேள்வி. "டீச்சர், ஃப்ளைட்டு ராத்திரிக்கா, விடியகாலைக்கா? அத்த வெச்சிதான் வழி சொல்வேன்." ஒரே ஒரு பெட்டி என்றால் காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஏர்போர்ட் போய்விடலாம். ஆற்காடு மக்கன் பேடா, ஊறுகாய், இட்லிப்பொடி என்று கட்டும் அம்மா வீட்டில் இருந்தால் ஒரு பெட்டி எங்கே நிற்கும்.

மகனின் 4 மணி விமானத்துக்கு முந்தின இரவு ஒன்பதரைக்குக் கிளம்புகிறோம். அவன் தன் அறைக் கதவைத் திறக்கும்போது நமக்குக் காலை ஒன்பதரை. 12 மணி நேரம். மகளின் 11.15க்குச் சாயங்காலம் நாலரை, ஐந்துக்குக் கிளம்பினால், அவள் வீடு சேரும்போது நமக்கு விடியற்காலை ஐந்து மணி. அதுவும் 12 மணி நேரம். மூன்றில் ஒரு பங்குதான் வானத்தில்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மீனம்பாக்கத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலிலிருந்து நேராக அளந்தால் துபாய் சுமார் 2,840 கிலோமீட்டர், சிங்கப்பூர் சுமார் 3,025. நாங்கள் சென்னைக்கு மேற்கே இருக்கிறோம் அல்லவா. மேற்கே போக வேண்டிய மகன் முதலில் கிழக்கே 110 கிலோமீட்டர் போய், விமானம் ஏறித் திரும்பி வருகிறான். வரைபடத்தில் அந்த நேர்க்கோடு சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே போகிறது, எங்களுக்கு வடக்கே கொஞ்சம் தள்ளி. அப்துல்லாபுரத்தில் ஓடுபாதை இருக்கிறதுதான், ஆனால் அது சின்ன விமானத்துக்கானது.

இதைச் சொன்னதும் அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொல்லல? தம்பி கிட்டக்கதான் கீறான்."

"ஆமாம் அத்தை. நூற்றெண்பது கிலோமீட்டர் கிட்ட."

"அது எவ்ளோ?"

"இங்கேயிருந்து மெட்ராஸ் தாண்டி இன்னும் கொஞ்சம்."

அவர் யோசித்தார். முடிச்சுப் போட்ட நூலைத் தூக்கிப் போடாமல் குளோப்பின் காலில் சுற்றி வைத்தார்.

பொங்கலுக்கு இரண்டு பேரும் வருகிறார்கள். மகள் ஜனவரி 13 காலை 9.40, மகன் அன்று இரவு 7.45. ஒரே காரை நாள் முழுக்க அங்கேயே நிறுத்துவதா, இரண்டு நடை அடிப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. மகள் சொல்கிறாள், "நான் ஏர்போர்ட்லயே இருக்கேம்மா. அண்ணன் வந்ததும் சேர்ந்து வர்றோம்." பத்து மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பாளாம். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானச் சோறு பாப்பாவுக்கு வீட்டில்தான் என்று சொல்லிவிட்டார்.